மொரவேல் பையில் விழுந்த தேங்காய்

இதை எழுதுகிறவன் பொன்னழகை முதன்முதலில் பார்த்தது திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்தில், ஒரு ஆடி மாதத்துத் திங்கட்கிழமை. ஊருக்குக் குடிதண்ணீர் வந்து பதினெட்டு நாளாகிறது என்று மனுக் கொடுக்க வந்திருந்தான். அவன் வீட்டில் முதல் பட்டதாரி. காந்திகிராமத்தில் எம்.ஏ. முடித்தவன் என்பதால் ஊர் மனுக்களெல்லாம் அவன் கையால்தான் போகும். வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற பெண்தான் பொன்னழகு. அவன் எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, கையெழுத்து முத்து முத்தா இருக்கு. எனக்கும் ஒண்ணு எழுதித் தாங்க. நான் எழுதுனா கோவத்துல பேனா பேப்பரைக் கிழிச்சிருது."

"யார் மேல மனு?"

"நான் வேலை பாத்த மொதலாளியம்மா மேல. என்னையத் திருடின்னு ஊருக்கே சொல்லிருச்சு. காசு பணம் எனக்கு வேணாம். எங்க வச்சுத் திருடின்னு சொல்லுச்சோ, அங்கயே வச்சு இல்லைன்னு சொல்லணும். அம்புட்டுதான்."

அவன் எழுதிக் கொடுத்தான். ரசீது கிடைத்தது. அந்த மனு எந்தக் காவல் நிலையத்தில் அவளை ஏற்கெனவே விரட்டி விட்டிருந்தார்களோ, அதே நிலையத்துக்குப் பத்து நாளில் போய்ச் சேர்ந்தது. "பெரிய இடத்துப் பொம்பளைக்கிட்ட மல்லுக்கட்டி என்னம்மா ஆகப்போகுது, சமாதானமாப் போயிருங்க" என்று சொல்லி, எழுதி வாங்கி முடித்து விட்டார்கள். அவனுடைய முத்தான கையெழுத்து அவளுக்குச் சல்லிக்காசு பயன்படவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவள் தன் கையால் செய்தது.

பொன்னழகின் ஊர் வேடசந்தூர்ப் பக்கம். மழையை நம்பி வாழ முடியாத பூமி. அம்மா பழனியம்மாள் இருபது வருடமாக மில் பஸ் ஏறுகிறவள். பொன்னழகும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அதே பஸ்ஸில் ஏறி, மூன்று வருடம் நூல் மில்லில் அறுந்த இழையை முடிந்துகொண்டு நின்றாள். இரைச்சலில் காது போவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று தோன்றிய சமயத்தில்தான் தீபா வீட்டு வேலை கிடைத்தது.

தீபாவின் கணவருக்கு இரண்டு மில்கள். தீபா மாடி அறையில் கைப்பை வியாபாரம் நடத்தினாள். புதிய பை அல்ல, ஒருவர் வாங்கி நாலைந்து முறை தோளில் மாட்டியது. அதுவும் சாதாரணப் பை அல்ல. ஒன்றின் விலைக்கு வேடசந்தூர்ப் பக்கம் முக்கால் ஏக்கர் மானாவாரி நிலம் முடிக்கலாம். டாக்டர் வீட்டு அம்மாக்கள், மில்காரர் வீட்டு மருமகள்கள், ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர் வீட்டுப் பெண்கள், பாலசமுத்திரம் தென்னந்தோப்புக்காரர் வீட்டார் எல்லாரும் 'தீபா க்ளோசெட்' என்ற வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பையைத் துடைத்து, போட்டோ எடுத்து, அதன் பெட்டி, பில், உறை எல்லாம் சேர்த்துக் கட்டி அனுப்புவது பொன்னழகின் வேலை.

முதல் ஒரு வருடம் எல்லாப் பையும் சுமாராகத்தான் போனது. பிறகு மொரவேல் வந்தது. வெளிநாட்டு கம்பெனி. கரும்பச்சைத் தோல், அதன் மேல் செம்பு நிறத்தில் சாய்வாக ஓடும் கோடுகள், மூடியில் பிறை வடிவத்தில் ஒரு கொக்கி. ஒரு நடிகை விமான நிலையத்தில் அதை மாட்டிக்கொண்டு நடந்த படம் வெளியானதும் பெண்கள் பித்துப் பிடித்தது போலானார்கள். கடைக்குப் போனால் உடனே தரமாட்டார்கள், பெயர் எழுதிக்கொண்டு எட்டு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். ஆகவே ஒருத்தி இரண்டு லட்சத்துக்கு வாங்கியதை அடுத்தவள் மூன்று லட்சத்துக்கு வாங்க நின்றாள். பழசு புதுசை விட விலை கூடிய அதிசயத்தைப் பொன்னழகு அங்கேதான் பார்த்தாள். பொண்டாட்டி கைப்பைக்கு மூன்று லட்சமா என்று குதித்த வீட்டுக்காரர்கள்கூட, "அடுத்த வருசம் நாலுக்குப் போகுமுங்க, நகை மாதிரிதான்" என்றதும் அடங்கிப் போனார்கள்.

முதல் மொரவேல் மூன்று லட்சத்துக்குப் போன அன்று தீபாவுக்கு வாய் ஓயவில்லை. பொன்னழகை எதிரே நிற்க வைத்துப் பாடம் நடத்தினாள்.

"இதப் பாரு. ஊர்ல நூறு பேருக்கு இந்தப் பை தெரியணும். ஆனா நாலு பேரு கையிலதான் இருக்கணும். தெரியாதவ முன்னாடி மாட்டிட்டுப் போனா பிரயோசனம் இல்ல. எல்லாரும் மாட்டிட்டா அதைவிடப் பிரயோசனம் இல்ல. அம்புட்டுதான் இந்த வியாபாரம்."

"அப்ப பைக்கு விலை இல்லீங்க மேடம், மத்தவங்களுக்கு இல்லாததுக்குத்தான் விலை" என்றாள் பொன்னழகு.

"மில்லுல இருந்தவளுக்கு இதெல்லாம் வெளங்குதே" என்று தீபா சிரித்தாள். அது பாராட்டா, கேலியா என்று பொன்னழகு அன்று யோசிக்கவில்லை.

பங்குனி மாதத்தில் தீபாவுக்குப் புது ஆள் ஒருவன் கிடைத்தான். மும்பையிலிருந்து அனுப்புகிறேன், ஐம்பதாயிரம் குறைவு, பெட்டி பில் எல்லாம் உண்டு என்றான். முதல் தடவை நான்கு மொரவேல் வந்தது. பொன்னழகு துடைக்க எடுத்தவள் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று வருடம் இரவும் பகலும் இழையோடு கிடந்த விரல்கள். தையல் நூலை நகத்தால் நெருடினாலே அவளுக்குத் தெரியும்.

"மேடம், இந்த நூலு சரியில்ல. பழைய பையில மெழுகு போட்ட லினன் நூல். முறுக்கு இறுக்கமா இருக்கும். இது பாலியஸ்டர், முறுக்கு தளந்து கெடக்கு. இது அந்தக் கம்பெனி தையல் இல்ல."

தீபாவின் முகம் மாறியது. நூலை அவளும் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு பையை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். "பஞ்சு பொறுக்குனவ எனக்கு மொரவேல் சொல்லித் தாரியா? பில்லு இருக்குல்ல, கட்டி அனுப்பு."

கட்டி அனுப்பினாள். அது ஒட்டன்சத்திரம் செல்வநாயகிக்குப் போனது. மண்டிக்காரர் வீடு, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசினாலும் கறாரான பெண். ஆனி மாதக் கடைசியில் அந்தப் பையின் வார் பிய்ந்து, பெங்களூருக்குக் கம்பெனிக் கடைக்கே கொண்டு போயிருக்கிறாள். கடைக்காரர்கள் பையைக் கையில் வாங்கக்கூட மறுத்து, இது எங்கள் பை இல்லை என்று சொல்லி அனுப்பி விட்டார்கள்.

செல்வநாயகி நேரே தீபாவின் மாடிக்கு வந்தாள். அப்போது அங்கே வேறு ஐந்து பெண்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க தீபா, மூணே கால் லட்சம் வாங்கிட்டு டூப்பைக் குடுத்தீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

தீபாவின் கண் அறையைச் சுற்றி வந்து பொன்னழகின் மேல் நின்றது. தன் வியாபாரத்தைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆள் பக்கத்திலேயே நின்றது.

"நான் ஒரிஜினலைத்தான் குடுத்தேன். கட்டி அனுப்புனது இவ. இவதான் மாத்தியிருக்கணும்."

பொன்னழகு வாயைத் திறப்பதற்குள் தீபா அவளுடைய தோள்பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். தூக்குவாளி உருண்டு புளிச்சோறு சிதறியது. பழனியம்மாளின் சர்க்கரை மாத்திரை அட்டை விழுந்தது. மாதவிலக்குக்கு வைத்திருந்த துணி விழுந்தது. காப்பிக் கோப்பையோடு ஐந்து பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை குழுவில் அவள் புகைப்படம் வந்தது. 'இவளை யாரும் வேலைக்கு வைக்காதீர்கள். பையை மாற்றித் திருடியவள்.'

அதன் பிறகு கடைவீதியில் ஜவுளிக்கடையிலும் வேலை இல்லை, மருந்துக்கடையிலும் இல்லை. பழைய மில்லில் சூப்பர்வைசர் போனை நீட்டிக் காட்டினார். அய்யலூர்ப் பக்கம் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், ஆவணியில் தேதி வைக்கலாம் என்று சொன்னவர்கள், போனை எடுப்பதை நிறுத்தினார்கள். மில் பஸ்ஸில் பழனியம்மாளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவள் மடியிலிருந்த பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்தாளாம். அதைச் சொல்லித்தான் பழனியம்மாள் அழுதாள். மாப்பிள்ளை போனதற்கு அவள் அப்படி அழவில்லை.

பொன்னழகு அழவில்லை. கலெக்டர் அலுவலகம் போனாள், காவல் நிலையம் போனாள், அது முடிந்ததும் பேகம்பூரில் பக்ருன்னிசாவிடம் போய் வேலை கேட்டாள். பக்ருன்னிசாவின் அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். அவள் இரண்டு தையல் மெஷினும், அச்சுப் போட ஒரு நீள மேசையும் வைத்துக் கல்யாண வீடுகளுக்குத் தாம்பூலப் பை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக்கை நிறுத்திய பிறகு எல்லாம் காடாத் துணிதான். மஞ்சள் துணியில் மணமக்கள் பெயர், 'தங்கள் வருகைக்கு நன்றி', ஒரு பிள்ளையார் அல்லது மாதா அல்லது பிறை.

"என்னயப் பத்தி வாட்ஸ்அப்புல வந்ததப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன் புள்ள. இங்க களவாங்கிட்டுப் போறதுக்கு என்ன இருக்கு, ஊசியா? மெஷின்ல உக்காரு."

ஆவணி முகூர்த்தம் வரை அவள் வாய் திறக்காமல் தைத்தாள். தைத்த பைகளை மூட்டை கட்டி மண்டபத்துக்குக் கொண்டு போவதும் அவள்தான். ஒரு நாள், முந்தின வாரம் தாங்கள் தைத்துக் கொடுத்த கல்யாணப் பை எங்கெங்கே திரிகிறது என்று பஸ் ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டே வந்தாள். ரேஷன் கடை வரிசையில் நாலு. கறிக்கடையில் ரத்தம் சொட்ட ஒன்று. டியூஷன் போகிற பிள்ளை முதுகில் ஒன்று. ஒரே வாரத்தில் ஊரில் அந்தப் பை கண்ணில் படாத சந்து இல்லை. தாம்பூலப் பையை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, யாரும் தூக்கிப் போடுவதும் இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் நடை மாறியிருந்தது.

"பக்ருக்கா, அடுத்த ஆர்டருக்கு நான் ஒரு டிசைன் போடவா?"

கரும்பச்சைச் சாயம் போட்ட காடா. அதில் செம்பு நிறத்தில் சாய்கோடு. மேலே மடித்துத் தைத்த மூடி, மூடியில் அச்சடித்த பிறைக் கொக்கி. கொக்கிக்கு நடுவில் மாப்பிள்ளை பெண் பெயரின் முதல் எழுத்துகள். அந்தக் கம்பெனி பெயர் எங்கேயும் இல்லை.

பக்ருன்னிசா பையை விரித்துப் பார்த்தாள். அவளுக்கும் அந்த நடிகை படம் தெரியும். "ஏ புள்ள, இது அந்தம்மா விக்கிற பையில்ல? வம்பாயிராது?"

"பேரு போட்டாத்தானக்கா வம்பு. பச்சையும் கோடும் யாருக்கும் பட்டா போட்டுக் குடுக்கல."

"உனக்கு மனசுல என்ன இருக்கு?"

"நூறு பேருக்குத் தெரியணும், நாலு பேரு கையில இருக்கணும்னு எனக்குப் பாடம் எடுத்துச்சுக்கா. நான் நாப்பதாயிரம் பேரு கையில குடுக்கப் போறேன்."

பச்சைச் சாயம் எத்தனை டின் வேண்டும் என்று கேட்டாள் பக்ருன்னிசா.

முதல் கல்யாணம் ஒட்டன்சத்திரத்தில், மண்டிக்காரர் ஒருவர் வீட்டில், மூவாயிரம் பை. மஞ்சள் பையிலேயே சலித்துப் போயிருந்த ஊருக்கு அது புதுசாக இருந்தது. பெண்கள் இரண்டாவது பை கேட்டு வாங்கிப் போனார்கள். அடுத்து பழனி, அடுத்து நத்தம். ஐப்பசிக்குள், பை தைக்கச் சொல்ல வருகிறவர்கள் துணி ரகம் கேட்பதில்லை. "அந்தப் பச்சைப் பை" என்றுதான் கேட்டார்கள். ஒரு மெஷின் கூடியது. காதுகுத்து, கிறிஸ்தவர் வீட்டுப் புதுநன்மை, வளைகாப்பு, சுன்னத் எல்லாவற்றிலும் மொரவேல் நுழைந்தது. விலை இருபத்தெட்டு ரூபாய். பெயர் போடாவிட்டால் இருபத்தாறு. சிறுமலைச் சந்தையில் வாழைப்பழம் அதில்தான் இறங்கியது. செம்பட்டியில் ஒரு ஆட்டுக்குட்டியை அதில் உட்கார வைத்து ஒருவர் பைக்கில் கொண்டு போனதைப் பொன்னழகே பார்த்தாள். அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டாள்.

அந்தச் சமயத்தில் தீபாவின் பீரோவில் பன்னிரண்டு மொரவேல் இருந்தது. தை முகூர்த்தத்தில் நல்ல விலைக்குத் தள்ளலாம் என்று கணவர் பணத்தில் வாங்கிப் போட்டிருந்தாள்.

தை மாதம் பழனி சாலையில் ஒரு பெரிய மண்டபத்தில், இரண்டு மில்காரர் வீடுகள் சம்பந்தம் செய்த கல்யாணம். பை குறைந்து போயிற்று என்று போன் வரவும் பொன்னழகு இருநூறு பைகளோடு ஆட்டோவில் போய் இறங்கினாள். வாசலில் தாம்பூலம் கொடுக்கிற மேசைக்குக் கீழே மூட்டையைப் பிரித்துக்கொண்டு குனிந்திருந்தபோது தீபாவின் குரல் கேட்டது. பட்டுச்சேலை, தோளில் அசல் மொரவேல். கூடக் குழுவைச் சேர்ந்த பெண்கள் மூன்று பேர்.

மேசையருகே நின்றது கல்யாணப் பெண்ணின் பெரியம்மா. காலையிலிருந்து ஆயிரம் பேருக்குத் தேங்காய் போட்ட கை. தீபாவைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக, அவள் தோளில் தொங்கியதைப் பிடித்து இழுத்து, கொக்கியைத் தட்டித் திறந்து, உள்ளே ஒரு தேங்காயை டொம் என்று போட்டாள். தொடர்ந்து வெற்றிலை, பாக்கு, சாத்துக்குடி.

"ஏம்மா, எல்லாருமா ரெண்டு ரெண்டு பை கேக்குறாளுக. நீதான் பழைய பையையே பத்திரமா கொண்டாந்திருக்க. இப்பிடில்ல இருக்கணும்."

பின்னால் நின்ற மூன்று பேரில் ஒருத்தி புடைவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்தவள் அதைக்கூடச் செய்யவில்லை, நன்றாகவே சிரித்தாள். தேங்காயின் குடுமி ஈரமாக இருந்தது. பையின் உட்புற வெளிர்த் தோலில் தண்ணீர் பரவியது. தீபா அதை எடுக்கவும் முடியாமல், இது என்ன பை தெரியுமா என்று சொல்லவும் முடியாமல் நின்றாள். சொன்னால்தான் யார் நம்பப் போகிறார்கள்? எல்லார் கையிலும் இருக்கிற இருபத்தெட்டு ரூபாய்ப் பையும் அதே பச்சை, அதே கோடு.

பொன்னழகு மேசைக்குக் கீழிருந்து எழுந்து நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொரு பை வேணுமா மேடம்? பெட்டி, பில்லு மட்டும் கிடையாது."

அந்த வாரமே குழுவில் விலை சரியத் தொடங்கியது. முதலில் ஒருத்தி தன் மொரவேலை இரண்டரைக்குப் போட்டாள். கேட்பார் இல்லை. அடுத்தவள் ஒன்றே முக்காலுக்குப் போட்டாள். "எங்க வீட்டு வேலைக்காரி அதுலதான் சோறு கொண்டு வாரா" என்று ஒருத்தி எழுதியதற்கு நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நகை மாதிரி என்று நம்பி வாங்கிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் கணக்குக் கேட்டார்கள். பெண்கள் தீபாவைக் கேட்டார்கள். திண்டுக்கல்லைத் தாண்டினால் மொரவேலுக்கு இன்னமும் பழைய மவுசுதான். ஆனால் இவர்கள் அதை வாங்கியதே திண்டுக்கல்லில் மாட்டிக்கொண்டு நடக்கத்தானே.

இங்கே விற்காததைச் சென்னையில் விற்கலாம் என்று தீபாவின் கணவர் பன்னிரண்டையும் காரில் ஏற்றிக் கொண்டு போனார். அங்கே இது போன்ற பைகளை வாங்கி விற்கிற பெரிய கடைகளில் ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் எடுப்பார்கள். இரண்டு நாள் கழித்து, பொன்னழகின் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. செல்வநாயகி.

"கண்ணு, நான் ஒட்டன்சத்திரத்துல இருந்து பேசறனுங்க. சங்கதி தெரியுமா? சென்னையில அஞ்சு பை டூப்புன்னு சீட்டு எழுதிக் குடுத்துத் திருப்பிட்டாங்களாமா. அஞ்சும் அந்த மும்பைக்காரன்கிட்ட வாங்குனதுங்க. அந்தக் கடையில எனக்குத் தெரிஞ்ச புள்ள ஒண்ணு சீட்டைப் படம் புடிச்சு அனுப்பியிருக்குதுங்க. நீ வேலையை விட்டதுக்குப் பொறவு வந்த பையிலயும் டூப்பு இருக்குதுன்னா, என்ற பையை நீ எங்க மாத்துன? அன்னைக்கு அந்தப் பேச்சை நம்பி நின்னுட்டனே சாமி."

"நம்புனீங்கள்ல. இப்ப அந்தச் சீட்டை எனக்கு அனுப்புங்க."

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு பேகம்பூர்ச் சந்துக்குள் கார் நுழைய முடியாமல் நின்றது. தீபா நடந்து வந்தாள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, பொன்னழகு காலை எடுக்கவில்லை.

"பொன்னழகு, போதும். அந்தப் பச்சைப் பையை நிறுத்திரு. எவ்வளவு வேணும்னு சொல்லு. பழைய வேலைக்கே வா, சம்பளம் கூட்டித் தாரேன்."

"சென்னைச் சீட்டு எங்கிட்ட வந்துருச்சு. உங்க போனை எடுங்க மேடம். குழுவைத் தொறங்க. என்னையப் பத்தி எங்க எழுதுனீங்களோ அங்கயே எழுதுங்க."

தீபா எழுதினாள். பக்ருன்னிசா அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். 'பொன்னழகு மீது தவறாகச் சந்தேகப்பட்டதற்கு வருந்துகிறேன்.'

"சந்தேகமா?" பொன்னழகு மெஷினை நிறுத்தினாள். "கட்டி அனுப்புறதுக்கு முன்னாடியே நூலைக் காட்டிச் சொன்னேன். நீங்களும் தடவிப் பாத்தீங்க. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே என் சோத்தைத் தரையில கொட்டுனீங்க. அதை எழுதுங்க."

மூன்று முறை அழித்து எழுத வேண்டியிருந்தது. தீபாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பக்ருன்னிசாவுக்கே பொறுக்கவில்லை, "போதும் புள்ள" என்றாள். பொன்னழகு கேட்டுக்கொள்ளவில்லை.

"போட்டோ?"

"என்ன போட்டோ?"

"அன்னைக்கு என் போட்டோவைப் போட்டீங்கள்ல. இன்னைக்கு உங்களதைப் போடுங்க. இங்க வச்சு எடுத்து."

காடாத் துணி மூட்டைகளுக்கு முன்னால், அழுத முகத்தோடு தீபா தன்னைத்தானே படம் எடுத்துக் குழுவில் போட்டாள். போனைப் பைக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"இனி நிறுத்திருவல்ல?"

"நிறுத்துறேன்னு நான் எப்ப சொன்னேன்? மாசிக்கு எட்டாயிரம் ஆர்டர் இருக்கு மேடம். நடையில சாயம் காயுது, பாத்துப் போங்க."

குழுவில் வந்ததைப் பழனியம்மாள் தன் போனில் ஏற்றி வைத்துக்கொண்டு மில் பஸ்ஸில் சீட்டு சீட்டாகக் காட்டினாள். பையை மாற்றி வைத்தவளிடம் இரண்டு தடவை காட்டினாள். அய்யலூர் மாப்பிள்ளை வீட்டார் தரகரை அனுப்பினார்கள். பொன்னழகு தரகருக்குக் காப்பி கொடுத்து, ஒரு பச்சைப் பையும் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

இந்த வைகாசியில் பொன்னழகுக்கு இருபத்து நான்கு வயது. பக்ருன்னிசாவோடு பாதிப் பங்குக்குப் பேகம்பூரில் தொழில் நடத்துகிறாள். மெஷின் ஐந்து. அம்மாவை மில் வேலையிலிருந்து நிறுத்தி, நாகல் நகரில் வாடகை வீட்டில் வைத்திருக்கிறாள். 'தீபா க்ளோசெட்' மூடப்பட்டுவிட்டது. தீபா கோயம்புத்தூரில் தன் அம்மா வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டாள். அங்கே பச்சைப் பை தைத்துக் கொடுக்க ஆள் உண்டா என்று பொன்னழகு விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.